மேல் அம்பு, என்டர்

ஆனி மாதம். ராத்திரி ஒன்றே முக்கால்.
பணகுடிக்குத் தெற்கே தகரக் கூரை போட்ட அலுவலகம்.
மகேந்திரகிரியைச் சுற்றி வருகிற காற்று
கதவிடுக்கில் நுழைந்து
மளிகைக் கடை காலண்டரைச் சுவரில் அடிக்கிறது.

வெளியே முப்பத்தெட்டு காற்றாலைகள்.
மணிக்கொரு தடவை ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும்:
எத்தனை சுற்று, எவ்வளவு கரண்ட்,
பல்சக்கரப் பெட்டியில் என்ன சூடு.
கேட்பதற்கு ஒரு வரிக் கட்டளை.
பதில் வந்தால் பூச்சியம்.
வராவிட்டால் ஒன்று, அல்லது நூற்று இருபத்து நாலு.
கருப்புத் திரையின் கோணல் புத்தி அப்படி,
கணக்கில் நான் வாங்கிய மார்க்கை
வெற்றி என்கிறது.

காற்றடிக்காத நாளில் இணைப்பு அறுவதே இல்லை.
சும்மா நிற்கிற ஆலைகள்
கேட்டதும் பதில் சொல்லும், சுற்று இல்லை, கரண்ட் இல்லை என்று.
நன்றாக வீசும் ராத்திரியில்தான்
கோபுரத்து ஆன்டெனா தலையாட்டி வழி மறக்கும்.
சொல்ல நிறைய இருக்கும்போது
வாயடைத்துப் போகும் முப்பத்தெட்டும்.

போன மாதம் வரை நானேதான்.
மேல் அம்பு, என்டர்.
மேல் அம்பு, என்டர்.
பிளாஸ்க் டீயில் ஆடை படியும்.
மேல் அம்பு.
பதினேழாம் நம்பருக்கு மட்டும் ஒரே ராத்திரியில்
அறுபத்து மூன்று தடவை.

பிறகு ஒரு கருவி கிடைத்தது, சின்னது.
கட்டளைக்கு முன்னால் அதன் பெயரை எழுதினால் போதும்,
தோற்றால் தானே திரும்பக் கேட்கும்.
இரண்டு நொடி பொறுத்து ஒரு தடவை.
பிறகு நாலு. எட்டு. பதினாறு.
குரூப் ஃபோர் நாலு தரம் எழுதியவளுக்கு
இடைவெளி நீளுவது புதிதில்லை.
ஆனால் இங்கே நீட்டுகிறவள் நான்.
கொஞ்சம் முன்பின்னாகக் குலுக்கவும் செய்தேன்,
வள்ளியூர் பஸ் படிக்கட்டில் போல
எல்லாம் ஒரே நொடியில் முண்டக் கூடாதென்று.

முதல் ராத்திரி கை வெறுமனே கிடந்தது.
இரண்டு கையிலும் நகம் வெட்டினேன்.

மூன்றாம் வெள்ளி, பதினேழுக்குச் சூடேறியது.
ஞானதிரவியம் அண்ணனுக்குச் செய்தி அனுப்பும் கட்டளையையும்
அதே கருவியின் வாலில்தான் கட்டியிருந்தேன்.
செய்தி போயிற்று.
போயிற்று என்ற பதில் மட்டும் வழியில் விழுந்துவிட்டது.
கருவிக்குப் பதில்தான் கணக்கு.
அறுபது நொடிக்கு மேல் பொறுக்காதே
என்று சொல்லியிருந்தேன் அதனிடம்.
எத்தனையோடு நிறுத்த வேண்டும் என்பதை
நான் எழுதவே இல்லை.

முப்பத்தாறு நிமிஷத்தில் நாற்பத்தொரு செய்தி.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்,
புருவமெல்லாம் செம்மண்.
"ஏட்டி தங்கபுஷ்பம், ஒரு தடவ சொன்னா வரமாட்டனா?
மொதச் செய்திக்கே வண்டிய எடுத்தாச்சி.
ஆலைக்கு அடியில பொட்டியத் தொறந்து நிறுத்தியும் ஆச்சி.
மிச்ச நாப்பதும் சட்டப் பைக்குள்ள
நண்டு மாதிரி கெடந்து துள்ளுது.
காத்து பாட்டுக்கு வண்டிய இழுக்கு,
ஒத்தக் கையில எப்படி எடுத்துப் பாக்க?
வீட்டுல யாரும் செத்துட்டாவளோன்னு
பாதி வழியில கையெல்லாம் நடுங்கிட்டு."

கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அமுக்கினேன்.
கேட்கிற வரியை அப்படியே விட்டேன்,
எத்தனை தடவை கேட்டாலும் சூடு ஒரு டிகிரி கூடாது.
சொல்கிற வரியைப் பிரித்து எடுத்து
அதன் தலையில் ஒரு எண் எழுதினேன்: மூன்று.
பிறகு அழித்துவிட்டு: ஒன்று.
பிறகு அவர் முகத்தைப் பார்த்து: இரண்டு.

ஆறின டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன்.
திரையில் பதினேழு இன்னும் நூற்று இருபத்து நாலுதான்.
நாலு நொடி. எட்டு நொடி.
"நின்னுட்டுன்னு நாந்தான் சொல்லுதேன்லா,
அதுகிட்ட வேற எதுக்குக் கேக்க?" என்றார்.
பதினாறு.
பூச்சியம்.

அப்போது அவர் சட்டைப் பை அதிர்ந்தது,
எங்கேயோ வரிசையில் மாட்டிக் கிடந்த நாற்பத்திரண்டாவது.
எடுத்துப் பார்க்கவில்லை.
டீயை ஊதிக்கொண்டே பைக்குச் சொன்னார்:
"வந்தாச்சி, வந்தாச்சி."